நிற்கும் தொலைவு

பாடியில் வளர்ந்தவர்களுக்கு ஆலைகளின் பெயர்களே ஊரின் அடையாளங்கள். 'லூகாஸ்' என்று நடத்துநர் குரல் கொடுத்தால் பேருந்தில் பாதிப்பேர் எழுவர். வண்டியை ஓடச்செய்யும் சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, ஓடுவதை நிறுத்த 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா என இரண்டும் எங்கள் பகுதியிலேயே இருந்தன. என் தந்தை அங்கிருந்த சிறு பட்டறையொன்றில் பிரேக் உறுப்புகளைக் கடையும் தொழிலாளி. ஆனால், தம் ஸ்கூட்டரை அவர் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டியதில்லை. பிரேக் செய்பவருக்கே பிரேக்கின்மீது நம்பிக்கை இல்லையே என்று நான் நகைத்ததுண்டு.

அப்போது நான் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் மாணவன். ஐப்பசி மாதத்து மாலை, தூறல் விட்டிருந்தது. வேகமானியின் முள் ஐம்பதைத் தாண்டியிருந்தது. நின்றிருந்த பேருந்தின் முன்புறமிருந்து மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் வெளிப்பட்டார். பிரேக்கை முழு விசையுடன் மிதித்தேன். பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தியது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிச் சென்று அவருடைய மிதிவண்டியின் பின்சக்கரத்தை வளைத்த பிறகே ஓய்ந்தது. சோற்றுத்தூக்கு சாலையில் உருண்டது. ஒரு முழம் முன்னால் அவருடைய கால் இருந்தது.

"பிரேக் நல்லாத்தானேப்பா இருந்தது?" என்றேன் வீட்டில்.

"பிரேக் பிடிக்கிறது சக்கரத்தைத்தான்டா. வண்டியை நிறுத்துறது ரோடு" என்றார் தந்தை.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 10 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் எதிர் முடுக்கம் 5 மீ/வி² எனில் மேலும் 10 மீட்டர். ஆக, 20 மீட்டரில் வண்டி நிற்கும். 54 கிலோமீட்டர் வேகத்திலோ, கால் அசையும் முன்பே 15 மீட்டர் போய்விடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்வதால், பிரேக் பிடித்தபின் 22.5 மீட்டர் வேண்டும்.

கூட்டினால் 37.5 மீட்டர். இதுகூட என்னை அவ்வளவாக உலுக்கவில்லை. தந்தையின் வண்டி முற்றிலும் நின்றுவிடும் அந்த 20ஆவது மீட்டரில் என் வண்டியின் வேகம் என்னவாக இருக்கும்? விடை, மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். உராய்வு குறைந்த ஈரச் சாலையில் இன்னும் கூடுதல். இந்தச் சமன்பாட்டுக்குத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவன் நான்.

மறுநாள் தந்தை முதியவரின் சக்கரத்தைச் சீர்செய்து கொடுத்தார். திரும்பும்போது சாவியை என்னிடமே நீட்டிவிட்டுப் பின்னால் அமர்ந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. முள் நாற்பதை நெருங்கியபோது மட்டும் அவருடைய கை என் தோள்மீது விழுந்தது.