பட்டாம்பூச்சிக் காதலர்களும் திண்டுக்கல் பிடிலும்

சீன இசை என்றதும் பலருக்கு குங்பூ படங்களின் பின்னணி இசைதான் நினைவுக்கு வரும். ஆனால் உலகம் முழுவதும் வயலின் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும் ஒரு படைப்பும் சீனாவில் பிறந்திருக்கிறது. அதுதான் 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' வயலின் கான்செர்ட்டோ. (ஒரு தனிக் கலைஞர் முன்னால் நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா அவரோடு சேர்ந்தும் மாறி மாறியும் வாசிக்கும் மேற்கத்திய இசை வடிவம்தான் கான்செர்ட்டோ.)

ஆண் வேடமிட்டுப் படிக்கப் போகிறாள் ஒரு பெண். உடன் படிப்பவன் மேல் காதல். வீட்டில் வேறு மாப்பிள்ளை. அவன் இறந்துபோக, அவள் அவனுடைய கல்லறைக்குள் பாய்கிறாள். இரண்டு பட்டாம்பூச்சிகள் வெளியே பறக்கின்றன. இந்த நாட்டுப்புறக் கதையை இசையாக்கிய ஹே ஜான்ஹாவ், சென் காங் இருவரும் அப்போது ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள். 1959 மே மாதம் அது அரங்கேறியபோது வயலின் வாசித்த யூ லீனாவும் மாணவிதான். அவளுக்கு வயலின், அவனுக்கு செல்லோ. இரண்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் வார்த்தையே தேவைப்படாது.

மெட்டுகள் 'யுவே' என்ற சீன நாடகப் பாட்டிலிருந்து வந்தவை. சீன மெட்டுகளில் அதிகம் புழங்கும் ஐந்து சுர வரிசை நம் மோகன ராகத்தின் சுரங்கள்தான். அதனால் தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகவே படாது. 'அர்ஹூ' என்ற இரண்டு தந்தி வாத்தியத்தைப் போல வயலினிலும் விரலை இழுத்து, அழுவது போல வாசிக்கிறார்கள். 1966-ல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியின்போது தடை செய்யப்பட்டும், இந்த இசை பிழைத்து வந்தது.

சரி, தமிழ்நாட்டில் என்ன நடந்தது? இதற்கு நேர் எதிர்!

சீனர்கள் மேற்கத்திய வாத்தியம், வடிவம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அதில் தங்கள் மெட்டை ஊற்றினார்கள். தமிழர்கள் வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னை அருகே மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் சுவாதித் திருநாள் தந்த வயலின் புகழ்பெற்றது. நின்று வாசித்த வாத்தியம் தரையில் உட்கார்ந்தது. அதன் தலை வலது காலில் ஊன்றியது. தந்திகள் ச-ப-ச-ப என்று சுருதி மாறின. வீணையைப் போல மெட்டுகள் பதிக்காத வழுக்கலான பலகை என்பதால், குரல் போகும் இடமெல்லாம் அதனாலும் போக முடிந்தது.

இதற்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பூட்டும் பிரியாணியும் மட்டும்தான் திண்டுக்கல் என்று நினைப்பவர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் பிறந்த இவர், 1870களில் திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்க வந்தார். இங்கேதான் சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். அரண்மனை வாத்தியம் அரை நூற்றாண்டுக்குள் ஒரு பயிற்சிப் பள்ளி மாணவனின் கைக்கு வந்துவிட்டது! பிறகு தஞ்சைக்குப் போன, சித்த மருத்துவருமான பண்டிதர், 1912-ல் அங்கே இசைச் சங்கம் நிறுவி, மாநாடுகள் நடத்தி, 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலை வெளியிட்டார். ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்ற கருத்தை மறுத்து, 12 சுரம், 24 சுருதி என்று கணக்குப் போட்டு வாதாடினார். கிழக்கும் மேற்கும் எங்கே பொருந்தும் என்ற கேள்விக்கு அடிப்படையே இந்தச் சுருதிக் கணக்குதான்.

ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நிற்க வேண்டும். கர்நாடக இசையிலோ சுரம் அசைந்தால்தான் ராகம். மோகனத்தைச் சமாளித்துவிடலாம். தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் தோடியே இருக்காது. கமகம் நகை அல்ல, கழற்றி வைக்க முடியாது. மனோதர்மத்துக்கும் இதே கதிதான். எல்லாவற்றையும் எழுதி வைத்து வாசிக்கும் இடத்தில், அந்த நொடியில் பிறக்கும் கற்பனைக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் முயற்சிகள் நடந்தன. எல். சுப்பிரமணியம் 1985-ல் ஸுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு, வேத கோஷத்தை அடிப்படையாகக் கொண்ட தன் படைப்பை வாசித்தார். 1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமான அந்த இசைத்தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரண்டு பக்கமும் பேசுகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலைப்பே கேட்டுவிடுகிறது. அவருடைய பண்ணைப்புரம் இருப்பதும், பண்டிதர் 1877-ல் குருவைத் தேடிப் போன சுருளி மலை இருப்பதும் ஒரே கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி என்பது கூடுதல் ஆச்சரியம்.

இத்தனைக்குப் பிறகும், 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' போல உலகமே வாசிக்கும் தமிழ் வயலின் கான்செர்ட்டோ ஒன்று இல்லை. திறமை இல்லாததால் அல்ல. சீனா மெட்டைக் கொடுத்து வடிவத்தை வாங்கியது. இங்கே அப்படி வாங்கினால் கமகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க மறுத்ததால்தான் வயலின் இவ்வளவு முழுமையாகத் தமிழ் வாத்தியமாகியிருக்கிறது. கச்சேரியில் அதை யாரும் வெளிநாட்டுச் சரக்காகப் பார்ப்பதில்லையே!

ஒரு வழி மிச்சமிருக்கிறது. கான்செர்ட்டோவில் 'கடென்ஸா' என்று ஓர் இடம் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா முழுக்க மௌனமாக, தனிக் கலைஞர் மட்டும் வாசிப்பார். ஒரு காலத்தில் அதை மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தார்கள். தோடி ஆலாபனைக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி கிடைக்குமா? அங்கே தொடங்கலாம். ஷாங்காயில் அதைச் செய்து காட்டியவர்களும், திண்டுக்கல்லில் பிடிலைக் கையில் எடுத்தவரும் அப்போது வெறும் மாணவர்கள்தான்.