கிண்ணத்தடியில் ஒரு நாடு

கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவது புதிதல்ல. பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் படமெடுப்பார்கள், போய்விடுவார்கள். போன தை மாதம் வந்தவர் வேறு மாதிரி. வளவில் துடைத்து வைத்திருந்த சீர் சாமான்களுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் பிராக் நகரத்துக்காரர். "நான் பிறந்த நாடு இது. இப்போது இல்லை" என்றார். 1918-இல் உண்டாகி, 1993 ஜனவரி 1 அன்று செக், ஸ்லோவாக் என்று இரண்டாகப் பிரிந்த நாடு. பாகப்பிரிவினை பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரே வீட்டுக்கு முப்பது பங்காளி இருப்பார்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் பிரிந்த பங்காளிகளைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

ஆயாவுக்குக் காது மந்தம். "எந்த ஊராம்?" என்றார். செக் என்றேன். "மரச்செக்கா, கல்செக்கா?" என்றார். ஆயா மேல் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் செக்கு என்றால் எண்ணெய் ஆட்டுவது. செக் என்றால் பாங்கில் போடுவது. மூன்றாவதாக ஒன்று கடல் கடந்து வந்து கிண்ணத்தடியில் இத்தனை காலம் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. ஆயா என்ற சொல்லே அப்படித்தான். எங்களுக்கு அது அம்மாவைப் பெற்றவள். சென்னையில் பிள்ளை பார்த்துக்கொள்ள வரும் வேலைக்காரி.

காப்பி வந்தது. செட்டிநாடு என்றால் என்ன பொருள் என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். செட்டி என்பது வடமொழிச் 'சிரேஷ்டி', பாலி மொழிச் 'செட்டி' வழியாக வந்தது என்பார்கள். இல்லை, பழைய காலத்தில் வணிகர்க்குக் கொடுத்த 'எட்டி' பட்டந்தான் என்பாரும் உண்டு. எங்கள் ஆட்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது நகரத்தார். சோழர் கல்வெட்டில் வணிகர் சபைக்கு நகரம் என்று பேர். அதன் ஆட்கள் நகரத்தார். 1929-இல் ஆங்கில அரசு அண்ணாமலை செட்டியாருக்குச் 'செட்டிநாட்டு ராஜா' என்று பட்டம் கொடுத்தது. இந்த ஊர் ரயில் நிலையத்தின் பலகையிலும் செட்டிநாடு என்றுதான் இருக்கிறது. இப்போது அந்தப் பேர் கோழிக்குழம்புக்குப் போய்விட்டது.

"உங்கள் பேருக்கு என்ன பொருள்?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தார். செக் என்பவர் அவர்களுடைய ஆதித் தகப்பன். கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்து ரீப் என்ற குன்றின் மேல் ஏறி நின்று, இதுதான் நம் ஊர் என்றாராம். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் வரலாறு எழுதிய கோஸ்மாஸ் அந்த ஆளைப் 'போயமுஸ்' என்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் செக் மொழியில் எழுந்த தலிமில் வரலாற்றில்தான் அவர் செக் ஆகிறார். போயமுஸ் என்பது பொஹீமியா என்ற அந்த நாட்டின் லத்தீன் பேரிலிருந்து பிடித்தது. பொஹீமியாவோ அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்த 'போயி' என்ற கெல்ட்டியக் குடியின் பேர். அவர்கள் போயும் வீட்டுப் பேர் மட்டும் நின்றுவிட்டது. செக் என்ற சொல்லுக்கு 'ஆள், கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்று வேர் காட்டுகிறார்கள், தீர்ந்தபாடில்லை. ஆங்கிலத்தில் அதை எழுதும் முறைகூடப் போலந்துக்காரனுடையது.

எனக்கு ஒன்று பட்டது. தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பேர் 'நாங்கள்' என்பதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை. அடுத்தவன் வைக்கும் பேரில் அவனுடைய கண்ணும் காதும் இருக்கும். செக் மொழியில் ஜெர்மானியன் 'நேமெத்ஸ்', அதாவது ஊமை, பேசினால் புரியாதவன். நம்மைத் தெலுங்கர் அரவம் என்றார்கள், சிங்களர் தெமள என்றார்கள், மலாய்க்காரர் கெலிங் என்றார்கள். போர்த்துக்கீசியர் 1578-இல் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலில் நம் மொழிக்குப் பேர் 'மலபார்த் தமிழ்'. பர்மாவில் லேவாதேவி செய்த எங்கள் ஐயாக்களுக்குப் பேர் 'சிட்டி'. கடன் வாங்கியவன் சொல்லும்போது அதில் எவ்வளவு கசப்பு இருந்திருக்கும் என்பதை ஆயாவிடம் நான் கேட்டதில்லை.

தமிழ் என்ற சொல்லின் வேரைத் தேடியவர்களில் ஒருவர் கமில் சுவலபில், பிராக்கில் 1927-இல் பிறந்த செக் நாட்டுக்காரர். 'தம்' என்பது தன்னைக் குறிப்பது, 'இழ்' விரியும் ஒலி என்று அவர் பிரித்துப் பார்த்தார். தன் பேருக்கே முடிவான பொருள் தெரியாத ஊரிலிருந்து ஒருவர் வந்து நம் பேருக்குப் பொருள் தேடியிருக்கிறார். இதைச் சொன்னதும் விருந்தாளிக்கு ஏக சந்தோஷம். கையோடு தங்கள் ஊர் வெளியே கொடுத்தவற்றின் கணக்கும் சொன்னார். காரைக்குடியில் பார்த்த பாட்டா செருப்பு அவர்கள் நாட்டு ஸ்லீன் ஊரில் தொடங்கிய கம்பெனியுடையதாம். ரோபோ, 1920-இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்த சொல். 'ரொபோத்தா' என்றால் கட்டாய வேலை. டாலர்கூடப் பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் வெள்ளிச் சுரங்கத்துக் காசின் பேர். நானும் விடவில்லை. 1965-இல் திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை அவர்கள் உதவியோடு வந்ததைச் சொன்னேன்.

கிளம்பும்போது இந்த ஊர்ப் பேரையும் கேட்டார். கானாட்டைக் காத்தவன் என்றேன். வெள்ளாற்றுப் பக்கம் கானாடு, கோனாடு என்று பழைய பிரிவுகள் இருந்தன. காத்தவன் யார் என்றார். அவர்களுக்காவது ஒரு குன்றும் ஒரு தகப்பனும் இருக்கிறார்கள். நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கிண்ணத்தை விலைக்குக் கேட்டார். ஆயா தரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் இப்படி எத்தனையோ கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.