உடுவெல பஸ்ஸில் போய் கலஹா பஸ்ஸில் வருவது

ஹைக்கிங் என்றதும் எங்கள் பெட்ச்சில் முதலில் வரும் கேள்வி, வேனுக்கு ஆளுக்கு எவ்வளவு என்பதுதான். நக்கிள்ஸ் பக்கம் போவதென்றால் வேன், வாடகைக் கூடாரம், கைட் என்று கணக்குப் போட்டு முடிக்கும்போது மஹாபொல காசு காற்றில் போய்விடும். அதனால் பாதிப் பேர் "அடுத்த முறை பார்ப்போம்" என்று வட்ஸ்அப் குழுவில் கைகூப்பி விலகிவிடுவார்கள். அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பஸ் டிக்கெட், ஒரு சோற்றுப் பார்சல், வழுக்காத சப்பாத்து. செலவு அவ்வளவுதான்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் போய் உடுவெல பஸ் பிடியுங்கள். ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் ஹந்தானை வீதியில் வளைந்து வளைந்து ஏறும். தேயிலை நூதனசாலைக்கு முன்னால் இறங்கினால், பெக்கோ ட்ரெயில் தொடங்கும் இடத்தில் நிற்பீர்கள். அங்கிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் போகிற நடைபாதை அது. நான் சொல்வது முதல் கட்டத்தை மட்டும்: ஹந்தானையிலிருந்து கலஹா வரை, சுமார் 13 கிலோமீற்றர். கலஹாவில் கண்டி பஸ் எடுத்தால் பேராதனை வழியாகத்தான் வரும். கம்பஸுக்கு நடுவால் ஓடுகிற பஸ் என்பதால் எங்களுக்கு இன்னும் வசதி, ஹொஸ்டலுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஹந்தானையைப் பேராதனைக்காரருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. சீனியர்மார் சொல்லும் காதல் கதைகளில் பாதி இந்த மலையில்தான் நடக்கிறது. ஆனால் கம்பஸ் பக்கத்தால் பைன் மரங்களுக்குள் ஏறி, உச்சியில் போட்டோ எடுத்து, இறங்கிவிட்டால் மலையின் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். மற்றப் பக்கத்தில் தேயிலையும் லயங்களும் இருக்கின்றன. பெக்கோ ட்ரெயில் போவது அந்தப் பக்கத்தால்.

போன பெப்ரவரியில் நாங்கள் நாலு பேர் போனோம். நான் பொகவந்தலாவை. ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி குருநாகல். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தது குருநாகல்காரிதான். முதல் ஒரு மணித்தியாலம் அவள்தான் தலைவி. பிறகு ஒரு வளைவில் பாதை மூன்றாகப் பிரிந்தது. நீலப் புள்ளி ஒரு தேயிலைச் செடியின் மேல் நின்று ஆடியது. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமாரில் ஒருவர் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவர் முகம் மாறியதைச் சொல்ல வேண்டும்.

"அட, நம்ம புள்ளயா! எங்க போறீங்க?"

"கலஹாவுக்கு அக்கா."

"கலஹாவுக்கா? பஸ் ஓடலையா இன்னைக்கு?"

ஓடுகிறது, நாங்கள்தான் நடக்கிறோம் என்று சொன்னதும் மலை முழுக்கச் சிரிப்பு. ஆனால் வழி சொன்னார் பாருங்கள், அந்த மாதிரி எந்த ஆப்பும் சொல்லாது. எந்த நம்பர் மலைக்கு மேலால் போக வேண்டும், எந்தக் குறுக்கில் அட்டை அதிகம், எங்கே பீலித் தண்ணீர் குடிக்கலாம், எந்த லயத்தில் கடிக்கிற நாய் இருக்கிறது என்பது வரை சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் போனைப் பார்க்கவே இல்லை. குருநாகல்காரி "இந்தப் பாதை எங்க போகுது?" என்பதைத் தமிழில் பாடமாக்கி, வழியில் கண்ட எல்லோரிடமும், ஒரு மாட்டிடமும் கூட, கேட்டுக்கொண்டு வந்தாள்.

யாழ்ப்பாணத்தாளுக்குத்தான் கஷ்டம். "ஐயோ, கால் உளையுது, இனி ஏலாதடி. எங்கட ஊரில பனையில ஏறினாத்தான் உயரம்" என்று நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த நாலு இடத்திலும் அட்டை ஏறியது. உப்பு கொண்டுபோங்கள். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்தாலும் கொஞ்சம் தாங்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: இந்தப் பாதையில் கழிவறை என்று எதையும் நம்பிப் போகாதீர்கள். நாங்கள் ஒரு லயத்தில் கேட்டோம். உடனே விட்டார்கள், பிளேன்டீயும் தந்தார்கள். அந்த வீட்டில் தண்ணீர் வாளியில்தான் வருகிறது என்பதைப் பார்த்த பிறகு எத்தனை கோப்பை ஊற்றுவது என்ற யோசனை வந்தது. கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நாம் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. படம் எடுப்பதும் அப்படித்தான். கூடையோடு நிற்கிறவர் உங்கள் ஸ்டோரிக்காக நிற்கவில்லை, பெயர் விழ வேண்டுமென்று நிறுவைக்கு முன்னால் கிலோ சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

பெக்கோ ட்ரெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இது பிரிட்டிஷ் காலத்துப் பாதை, குதிரையும் வண்டியும் போன பாதை என்று எழுதுகிறார்கள். சரிதான். துரைமார் குதிரையில் போனார்கள். பாதை வெட்டினவர்களும், கோப்பியும் பிறகு தேயிலையும் சுமந்தவர்களும் நடந்துதான் போனார்கள். இந்தத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துதான். 2023இல், மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்த வழியைத் திரும்ப நடந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். "நடை" என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் பொழுதுபோக்கு என்ற அர்த்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அது விளங்கியது.

"எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"பதிமூணு கிலோமீற்றர்மா."

"என்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

அந்த "சும்மாவா"வில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அம்மா 28 வருசமாக மலை ஏறுகிறார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனபோது வீட்டில் அதைப் பற்றி ஒரு கிழமை பேசினோம். அந்தக் காசுக்காக ஏறுகிற மலையில், காசு ஒன்றும் வராமல், மகள் போய் ஏறிவிட்டு வந்து கால் வலி என்கிறாள். அதுவும் பொம்பளப் புள்ள. சும்மா நடக்கிற பொம்பளப் புள்ளைக்கு எங்கள் ஊரில் வைத்திருக்கும் பெயர் "ஊர் சுத்துறவ". ஆம்பளைப் பிள்ளைகள் சிவனொளிபாதமலைக்கு வருசத்தில் மூன்று தரம் போனால் அது பக்தி.

ஏப்ரலில் அம்மா கண் கிளினிக்குக்காகக் கண்டிக்கு வந்தார். வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உடுவெல பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். நூதனசாலை இருப்பது 1925இல் கட்டின பழைய ஸ்டோரில். 28 வருசம் கொழுந்து கொடுத்தவர், ஸ்டோருக்குள் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தது அன்றுதான். ரோலர் மெஷினைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஓடாதா?"

"இல்லம்மா, பாக்கிறதுக்கு வச்சிருக்கு."

"சத்தமில்லாத ஸ்டோரு என்னமோ மாதிரி இருக்கு."

ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பகுதியில், இவர்தான் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைத் தொடங்கினவர் என்று வாசித்துச் சொன்னேன். "இவருதான் மொதத் தொரையா" என்று படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மேல்மாடியில் தேத்தண்ணி குடித்தபோதுதான் பேச்சு வந்தது. "இந்தத் தூள நாங்க கண்ணாலயும் கண்டதில்ல புள்ள. நமக்கு வாறது டஸ்ட்டுதானே."

வெளியே வந்து பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தோம். அம்மாவின் காலில் பாட்டா செருப்பு, என் காலில் ஹைக்கிங் சப்பாத்து. நான்தான் பின்னால். ஒரு மலையைப் பார்த்து, "கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசமிருக்கும்" என்றார். மூச்சு வாங்கவில்லை, கைகள் இரண்டும் வீசி வீசிப் போனது. அம்மாவை அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பாதை திரும்பும் இடத்தில் நின்று, "கூடை இல்லாட்டி எத்தன மைலுன்னாலும் போகலாம் போலருக்கே" என்றார். பிறகு மணி கேட்டார். ஹட்டன் பஸ்ஸை விடக் கூடாது.

முழுதாகப் போகிறவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் மழையும் இடியும், ஒதுங்க இடமில்லாத புல்மலைகள் இருக்கின்றன. மூடுபனி இறங்கினால் நின்றுவிடுங்கள், குறுக்கில் இறங்க வேண்டாம். ஹந்தானை 2010இலிருந்து சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம், சோற்றுப் பார்சல் சுற்றின லஞ்ச் ஷீட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தாள் நாலு தரம் உட்கார்ந்தாலும் வெளிச்சத்திலேயே கலஹா போய்ச் சேரலாம். அங்கே கடைத்தெருவில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

அடுத்த கட்டம் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்கு. செமஸ்டர் பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை போகிறோம். வருகிறவர்கள் பேரைக் குழுவில் போடுங்கள். உப்பை நான் கொண்டுவருகிறேன்.