மலைக்கு இந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை!

வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் ஏறினால், ஜன்னல் சீட்டுக்கு ஒரு குட்டி யுத்தமே நடக்கும். எல்லாம் காத்துக்காகத்தான்! தோவாளை தாண்டும்போது பூ வாசம், ஆரல்வாய்மொழி வந்ததும் முகத்தில் அறைகிற காற்று, முப்பந்தலில் வரிசைகட்டி நிற்கிற காற்றாலைகள்... இசக்கியம்மன் கோயில் வந்ததும் பாதி பஸ் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மீதிப் பாதி செல்போனில் வீடியோ எடுக்கும்.

நான் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம்தான் மகேந்திரகிரி!

1,600 மீட்டருக்கும் மேல் உயரமான மலை. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். கணக்குப்படி அது திருநெல்வேலி மாவட்டம்தான். ஆனால், எங்க நாகர்கோவில்காரங்களுக்கு அது எப்பவும் 'நம்ம மலை'. ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்புவதை டி.வி.யில் எல்லோரும் பார்க்கிறோம். அதன் திரவ எரிபொருள் இன்ஜின்களை இரும்புத் தாங்கியில் கட்டிவைத்து, எரித்துப் பார்த்து, பாஸ் போடுகிற இடம் இதுதான். சந்திரயான் - 3ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினும், 2023 பிப்ரவரி 24ம் தேதி இங்கே 25 விநாடிகள் எரிந்து பாஸான பார்ட்டிதான். செமஸ்டருக்கு முன்னாடி மாடல் எக்ஸாம் மாதிரி!

கிரையோஜெனிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரஷ்யா தருவதாகச் சொன்ன தொழில்நுட்பம், அமெரிக்க நெருக்கடியால் 1993ல் கை நழுவியது. 'சரி, நாமே செய்வோம்' என்று இறங்கினார்கள். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோல்வி. 2014 ஜனவரி 5ம் தேதி ஜெயித்தார்கள். அடுத்த மாதமே மகேந்திரகிரி தனி மையமாக உயர்ந்தது.

பெருமைப்பட எங்களுக்கு இன்னும் இருக்கு. 2018ல் இஸ்ரோ தலைவரான கே.சிவன், மேல சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் தலைவரான வி.நாராயணன், மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டு பேருமே எங்க மாவட்டம்!

சரி, ரெண்டு தலைவர்களைக் கொடுத்த ஊர், ரெண்டு நட்டு போல்ட்டும் கொடுக்குதா?

இந்தக் கேள்வியோடுதான் காவல்கிணறில் இறங்கினேன். அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் போக முடியாது. எனவே, ஒரு சாயா குடித்தபடி மலையை மட்டும் ஆசைதீரப் பார்த்துவிட்டு, திரும்பி பஸ் ஏறி கோணம் வந்தேன். நாகர்கோவிலின் தொழிற்பேட்டை இருக்கிற இடம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சியின் லேத் பட்டறை இருக்கு. ரெண்டு லேத், ஒரு மில்லிங், கடன் வாங்கிப் போட்ட ஒரு சி.என்.சி. மெஷின். ரப்பர் ஷீட் ரோலர், படகு இன்ஜின் பார்ட்ஸ், காற்றாலைக்கு போல்ட்... கேட்டதைக் கடைந்து கொடுப்பார்.

"மலைக்கு எதாவது செஞ்சு குடுத்திருக்கியளா அண்ணாச்சி?"

சிரித்தார். மேஜைக்கு அடியில் இருந்து ஒரு ஸ்டீல் ஃபிளாஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். வெயிட்டான வெயிட்டு!

"ஒரு பெரிய கம்பெனிக்குச் செஞ்சது மக்ளே. நாப்பது பீஸ். அளவுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா, அத்தனையும் திரும்பி வந்துட்டு."

"ஏன்?"

"பேப்பர் இல்ல!"

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். இந்த இரும்பு எந்த உலையில், எந்த வார்ப்பில் ஊற்றியது? அந்த 'ஹீட் நம்பர்' எங்கே? வெல்டிங் செய்தவர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணியவரா? ஹீலியம் வைத்துக் கசிவு பார்த்தாச்சா? அளந்த கருவியை எப்போது சரிபார்த்தீங்க? நாப்பது பீஸுக்கும் தனித்தனியாக ஜாதகம் வேணுமாம்.

'ஓவர் பந்தா' என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், சுமார் 3 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். அண்ணாச்சி வாயைப் பிளந்தார். "மூணு மில்லியா? நான் இங்க பத்து மைக்ரானுக்கு மல்லுக்கட்டுகேன்!" அந்தச் சுருக்கத்தில் ஒரு வெல்டிங் தலைமுடி அளவு விட்டுக் கொடுத்தாலும் ஹைட்ரஜன் வெளியே வரும். ஒரு பொறி போதும், முடிந்தது கதை. ஆக, ஜாதகம் கேட்பதில் தப்பே இல்லை. அதை எழுத ஒரு சின்னப் பட்டறைக்கு யார் சொல்லித் தருவது? ஹீலியம் கசிவு மெஷினை அண்ணாச்சி எந்தக் கடனில் வாங்குவது?

சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் செர்ன் ஆய்வுக்கூடம் இருக்கு இல்லையா... அங்கே பூமிக்கு அடியில் 27 கி.மீ. சுற்றளவுக்கு ஒரு வளையம். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற தூரத்தைவிட அதிகம்! அதில் இருக்கிற ராட்சத காந்தங்களைத் தலைமுடிப் பருமன் துல்லியத்தில் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகள், ஏறத்தாழ 7,000. இந்தூரின் அணுசக்தித் துறை ஆய்வு மையம் வழிகாட்ட, அவற்றைச் செய்து அனுப்பியது நம்ம இந்தியத் தொழிற்சாலைகள். செர்னுக்குப் பொருள் கொடுத்த 154 கம்பெனிகளிடம் விசாரித்து, 2003ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 38 சதவிகிதம் பேர், அந்த ஆர்டரால் புதுப் பொருளே உருவாக்கியிருந்தார்கள். 44 சதவிகிதம் பேர் தொழில்நுட்பத்தில் தேறியிருந்தார்கள். அதாவது, ஆர்டர் பணம் செலவாகிவிடும். கஷ்டமான கஸ்டமரிடம் கற்ற வித்தை பட்டறையிலேயே தங்கிவிடும்!

நம்ம ஊரிலும் கதவு திறக்க ஆரம்பித்திருக்கு. தனியார் நிறுவனங்கள் இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்த வழி செய்வதற்காகவே, 2020ல் 'இன்-ஸ்பேஸ்' அமைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த 'அக்னிகுல்', தன் 3டி பிரின்ட் இன்ஜினை 2022 நவம்பர் 4ம் தேதி தும்பாவில் 15 விநாடிகள் எரித்துப் பார்த்தது. சொந்தமாக ஒரு சோதனைக்கூடம் கட்டிவிட்டுத்தான் வரணும் என்று சொல்லியிருந்தால்? 2024 மே 30ல் அவர்கள் ராக்கெட் பறந்திருக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

இப்போ மேப்பைப் பாருங்க. ஒரு பக்கம் தும்பா, இன்னொரு பக்கம் மகேந்திரகிரி, கடலோரமாகப் போனால் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ஏவுதளம். நடுவில் நாங்க! தமிழக அரசும் 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் தந்து, 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்திருக்கு. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நல்லதுதான் மக்ளே. அது கோணம் வரைக்கும் பஸ் ஏறி வரணும்லா?"

ஐ.ஐ.டி. பசங்களுக்குக் கதவைத் தட்டத் தெரியும். அண்ணாச்சிக்குக் கதவு எங்கே என்றே தெரியாது. அவர் கேட்பது மானியம்கூட இல்லை. வேலையைத் தரும்போதே டிராயிங்கைப் புரியவைக்க ஒரு ஆள், வாடகைக்குச் சோதித்துத் தர பக்கத்திலேயே ஒரு லேப், ஜாதகம் எழுதக் கற்றுத்தர ஒருத்தர். மூணே மூணுதான்.

எனக்குச் சுரீரென்றது. எங்க காலேஜ் லேபில் முப்பரிமாணத்தில் அளக்கிற மெஷின் ஒண்ணு துணி போர்த்தித் தூங்குது. மூணு வருஷத்தில் அது ஓடி நான் பார்த்தது ரெண்டே தடவை. நாங்களோ ஃபைனல் இயர் புராஜெக்ட்டை எங்கே விலைக்கு வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டு இருக்கோம். முடித்ததும் சென்னை, பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுவோம். உங்க காலேஜ் லேபிலும் இப்படி ஒரு துணி இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்!

கிளம்பும்போது அந்த ஃபிளாஞ்சைக் கேட்டேன்.

"எதுக்குடே? பேப்பர் வெயிட்டுக்கா?"

"இல்ல அண்ணாச்சி... அளந்து, பேப்பரோட திருப்பித் தாறேன்!"

பஸ்ஸில் பேகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கனமாகத்தான் இருந்தது.