கரும்பலகைக் கட்டுரை

எந்தத் தமிழாசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். “பிள்ளைங்க சொந்தமா எழுதணும் சார்” என்பார். மனதார நம்பித்தான் சொல்கிறார். அதே வாரம் ‘நூலகத்தின் பயன்கள்’ முன்னுரை முதல் முடிவுரை வரை கரும்பலகையில் ஏறும். பிள்ளைகள் கட்டுரை ஏட்டில் அப்படியே இறக்கிக்கொள்வார்கள். நாற்பது ஏட்டிலும் ஒரே முன்னுரை!

இதை இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். உட்தலைப்பு இருந்தால் திருத்துபவருக்கு வசதி. பார்வையிட வரும் அதிகாரி சிவப்பு மை டிக்கைத்தான் தேடுவார். சொந்தமாக எழுதினால் பிழை மலியும். பிழை மலிந்த ஏட்டுக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் ஆசிரியரே எழுதிப் பழகாமல் பிள்ளைகளை எப்படி எழுதவைப்பது? 1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்பவர் ஆசிரியர்களுக்காக ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கினார். எழுதக் கற்பிக்கிற ஆசிரியர்களையே உட்காரவைத்து எழுதச் சொன்னார். சக ஆசிரியர்கள் முன் வாசிக்கவும் வைத்தார். நம் பணியிடைப் பயிற்சியில் பிபிடி உண்டு, டீ உண்டு, வருகைக் கையெழுத்து இரண்டு வேளையும் உண்டு. ஆசிரியர் ஒரு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை எழுதச் சொல்லிப் பாருங்களேன். “மாதிரி ஏதாவது இருக்கா சார்?” என்றுதான் முதல் கேள்வி வரும்.