துணி தூங்கி எழட்டும்

“பழைய துணியை ஒட்டுப்போடறதுக்கு இவ்வளவு கேக்கறீங்களே அக்கா?” என்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. பிள்ளைத் துணியைப் போர்வையாக்கித் தரும் கூலியைக் குறைப்பதும் இல்லை. அவர்கள் துணி கொண்டுவந்த பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் போன மாதம் ஒரு பெண், வேறெங்கோ தைத்து வாங்கிய போர்வையைக் கொண்டுவந்து, “இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க” என்று விரித்தபோது சும்மா இருக்க முடியவில்லை. குழந்தையின் முதல் வருட உடுப்புகள் அத்தனையையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஓவர்லாக்கில் ஓட்டி, அடியில் பாலியஸ்டர் ஃப்ளீஸ் கொடுத்து, மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலைந்து துவைப்புக்குள் ஒரு சதுரம் தொங்குகிறது, பக்கத்துச் சதுரம் அதைப் பிடித்து இழுக்கிறது, நடுவில் பள்ளம். அதில் சரிபண்ண ஒன்றும் இல்லை. பிரித்தால் ஓவர்லாக் கத்தி அரிந்துபோட்ட ஓரம் திரும்பி வராது. ஒவ்வொரு சதுரமும் இன்னும் சிறுக்கும். அந்த ஜப்லாக்களுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

இதைத் தைத்துக் கொடுத்தவர்களுக்குத் தைக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். திருப்பூரில் பிறந்தவர்களுக்கு ஓவர்லாக் கைவந்த கலை. சிக்கலே அங்கேதான். பனியனுக்கு நீட்சி குணம். போர்வைக்கு அதுதான் குற்றம். பிள்ளைத் துணியில் பாதிக்கு மேல் சிங்கிள் ஜெர்சி. கத்தரி பட்டதும் ஓரம் சுருளும், அகலவாக்கில் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இன்டர்லாக் கொஞ்சம் அடங்கிய சாதி. கை, கழுத்து ரிப் பற்றிப் பேசவே வேண்டாம். இதற்கு நடுவே பாட்டி வீட்டில் தைத்த மல்மல் சட்டை ஒன்று வந்திருக்கும். அது நெசவுத் துணி, இழுத்தால் அசையாது. இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே துணிபோல நடக்கவைப்பதுதான் வேலை. தைப்பது அதற்கு அப்புறம்.

எனக்கு இதைப் பழக்கியவர் போர்வை தைத்தவரே இல்லை. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். துணியை ரோலரில் அமுக்குகிற காம்பாக்டிங்கிலிருந்து ரோல் வந்து இறங்கியதும் மற்ற இடங்களில் நேரே டேபிளில் விரித்துக் கத்தி வைத்துவிடுவார்கள். இவர் விடமாட்டார். ரோலைப் பிரித்து, இழுக்காமல் தளர்வாக மடித்துமடித்துப் போட்டு, ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கவிடச் சொல்வார். ஷிப்மென்ட் நெருங்குகிறது என்று முதலாளி வந்து சத்தம்போட்டால், மனுஷன் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார். துணி மட்டும் கிடந்த இடத்தில் கிடக்கும். நான் அப்போது செக்கிங்கில் புதிது. எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன்.

“மெசினுல இழுபட்டு, சாயத்துல முங்கி, ரோலர்ல நசுங்கி வந்திருக்குது அம்மிணி. தூங்கி எந்திரிக்கட்டும். காலைல பாரு, அதோட நெசமான அளவு அப்பத்தான் தெரியும்.”

காலையில் அளந்தால் துணி நீளத்தில் குறைந்திருக்கும். அப்படித் தூங்கவிடாமல் வெட்டிய சரக்குதான் முதல் துவைப்பில் தொப்புளுக்கு மேலே ஏறி நிற்பது. இன்னொன்றும் அவரிடம் கற்றது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணி வரிசை எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் எதிலும் கத்தி வைக்கக் கூடாது. ஜெர்சி துவைக்கத் துவைக்க முறுக்கிக்கொள்ளும். உங்கள் வீட்டுப் பனியனின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கிறதா இல்லையா, பாருங்கள். பிள்ளைச் சட்டையிலும் அதே கதைதான். அடிமடிப்பை நேர் என்று நம்பி அளவுகோலை வைத்தால் சதுரம் மேசையில் சதுரமாக இருக்கும், போர்வையில் சாய்சதுரமாகிவிடும். என்னிடம் வந்த அந்தப் போர்வையில் தையலை விட்டுவிட்டுக் கண்ணி வரிசையைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றுகூட நேரில்லை. மாஸ்டர் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரியைப் பிடுங்கி வைத்திருப்பார். அவர் அப்படி என்னிடமிருந்தே பிடுங்கியிருக்கிறார்.

ஆகவே பை வந்ததும் நான் வெட்டுவதில்லை. ஊறப்போடுகிறேன், பச்சைத் தண்ணீரில். பெட்டியில் வைத்த பிள்ளைத் துணியில் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு திட்டு எழுந்திருக்கும். வைக்கும்போது பளிச்சென்றுதான் இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். கக்கிய பால் அது. வெந்நீரில் போட்டால் கறை வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி ஊறட்டும், காலையில் சோப்பு, பிறகு வெயில். பிளீச் கூடாது, இழை இற்றுவிடும். “துவைக்காதீங்க, பிள்ளை வாசம் போயிடும்” என்று கண்கலங்குகிற தாய்மார்கள் உண்டு. எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பையில் வருவது முக்கால்வாசி அந்துருண்டை வாசம். பால் பட்ட துணியைத் துவைக்காமல் போர்வைக்குள் வைத்துத் தைத்தால் பூச்சிக்கு விருந்து. துவைத்தே தீருவேன். காய்ந்ததும் மேசைமேல் இழுக்காமல் பரப்பி, மறுநாள்வரை கை வைக்கமாட்டேன்.

அடுத்தது ஃப்யூசிங், துணியின் பின்பக்கம் சூட்டில் ஒட்டுகிற துணி. இதில்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். காலருக்கு வைக்கிற கெட்டியான சரக்கு வேண்டாம். மெல்லிய பருத்தி நெசவு ஃப்யூசிங். அதையும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு அது சுருங்கித் துணியைக் கொப்புளமாக்கும். நீளாத பக்கம் ஜெர்சியின் அகலவாக்கில் வரும்படி ஒட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடம். நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் யானையோ கரடியோ இருந்தால் அடியில் பட்டர் பேப்பர். இல்லையென்றால் கரடி மேசைவிரிப்போடு போய்விடும். ஒட்டி ஆறிய பிறகுதான் வெட்டு. வெட்டிவிட்டு ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

கணக்கும் யாருக்கும் பிடிபடுவதில்லை. நாற்பதுக்கு ஐம்பது அங்குலப் போர்வை என்றால், தைத்து முடித்த 5 அங்குலச் சதுரம் 80 வேண்டும். வெட்டும்போது அது ஐந்தரை. பிறந்த குழந்தை ஜப்லாவில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் நாடா வைத்துத் திறந்திருந்தால் அதுவும் போச்சு. ஒரு சின்னப் பையில் பதினைந்து உருப்படி கொண்டுவந்து, “டபுள் காட் சைஸ் வேணும்” என்பார்கள். குறைவதை இடைப்பட்டை கொடுத்துச் சரிக்கட்டுவேன். அடித்துணிக்கு நல்ல வழி, தூளி கட்டிய சேலையைக் கேட்டு வாங்குவது. அதை வைத்தால் நெஞ்சோடு ஒட்டும். குழந்தையின் பாரம் தாங்கிய நடுப்பாகம் நைந்திருக்கும். தலைப்புப் பக்கமும் கொசுவப் பக்கமும் திடமாக இருக்கும், அதை எடுத்துக்கொள்வேன். நடு அடுக்குக்குத் தாத்தாவின் பழைய வேட்டி. பிறந்ததும் பிள்ளையைப் பெரியவர்களின் பழந்துணியில்தானே வாங்குகிறோம்? அங்கே இலவம்பஞ்சு வைத்தால் திரண்டு கட்டியாகும். பாலியஸ்டர் பஞ்சு நம் சித்திரை வெயிலுக்கு வேர்க்குரு கொடுக்கும்.

மூன்று அடுக்கும் சேர்ந்தபின் ஓட்டுத்தையல், கையால். வடகர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை தைக்கும்போது ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணித்துண்டு வைக்காமல் முடிக்கமாட்டார்கள். பீகாரில் பழம்புடவையை அடுக்கிப் பச்சைக்குழந்தைக்கு சுஜனி என்ற போர்வை தைப்பார்கள். அவற்றுக்கெல்லாம் இன்று கண்காட்சி உண்டு, விலை உண்டு, விருந்தாளிக்கு எடுத்துக் காட்டுகிற மரியாதை உண்டு. நம் ஆத்தாக்கள் மத்தியானத்தில் திண்ணையில் உட்கார்ந்து கிழிசல் சேலையைத் தைத்ததை மட்டும் நாம் கந்தல் என்று சொல்லிச் சுருட்டி வைத்தோம். அந்தக் கந்தல் என்ற பார்வைதான் இன்றைக்கும் என் கூலியில் வந்து கைவைக்கிறது.

எல்லாத் துணியையும் நான் எடுப்பதில்லை. பட்டுப்பாவாடை வேண்டாம். ஜரிகை பிள்ளை கன்னத்தை உரசும். போலி ஜரிகையாக இருந்தால் இஸ்திரிச் சூட்டில் சுருங்கிச் சுற்றியிருக்கிற துணியையும் இழுத்துக்கொள்ளும். பட்டன் எல்லாம் வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவேன், பிள்ளை கடித்து விழுங்கினால் யார் பதில் சொல்வது? “பட்டனோடதாங்க்கா அழகு” என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். போகட்டும்.

போன வருடம் ஒரு பயிற்சி நிலையத்தில் இதைக் கற்றுக்கொடுக்கக் கேட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டே நாள், முடிவில் சான்றிதழ். ஊறவும் காயவும் பரப்பவும் எங்கே நேரம் என்றேன். துவைத்த துணியை நாங்களே தந்துவிடுவோம், வெட்டுவதும் இணைப்பதும் போதும் என்றார்கள். மறுத்துவிட்டேன். வேறு யாரோ போய் நடத்தினார்கள் என்று கேள்வி. போன மாதம் வந்த அந்தப் போர்வையும் அங்கேயிருந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை.

நான் முடித்த போர்வையை ஒரு தடவை மெஷினில் துவைத்துத்தான் கொடுப்பேன். அதில் தையல் ஓரமெல்லாம் லேசாகச் சுருங்கி அலையலையாகும். போட்டோவில் பார்த்ததுபோல வழவழப்பாக இல்லையே என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சுருக்கம் விழுந்தால்தான் மூன்று அடுக்கும் ஒன்றையொன்று பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை போர்த்தி, மூத்திரம் பெய்து, துவைத்துத் துவைத்து அடுத்த பிள்ளைக்கும் போக வேண்டிய சாமான் அது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டத்தான் வேண்டுமென்றால் ஓவர்லாக் வேலையே தாராளம். அதற்கு என்னிடம் வரத் தேவையில்லை.