சுடாத கை

படுவான்கரையில் வயலுக்கு இறங்குகிறவனுக்குப் பாதமே கண். சேற்றின் குளிரையும் வரம்பின் வெம்மையையும் அதுவே பார்த்துச் சொல்கிறது. முள் தைத்தால் முதலில் ‘சுருக்’கென்ற குத்து, ஒரு கணம் கழித்தே கடுக்கின்ற வேதனை. இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகளில் வருகின்றன. குத்தைச் சுமக்கும் இழை விரைந்தோடும். பின்வரும் வேதனையைச் சுமப்பதோ வினாடிக்கு ஒரு மீற்றர் அளவிலேதான் ஊரும்.

தீயும் எரிகிறது, மிளகாயும் எரிகிறது என்று நம் மக்கள் ஒரே சொல்லால் சொல்லி வந்தனர். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதன் காரணத்தைக் கண்டனர். ஏறத்தாழ 43 பாகை வெப்பத்தில் திறக்கும் நரம்பு வாயிலையே மிளகாயின் காரமும் திறக்கிறது. தொடுகையின் வாயிலை 2010இல் கண்டறிந்தவர் ஆர்டெம் பட்டபூட்டியன். உள்நாட்டுப் போர் நடந்த லெபனானை விட்டு 1986இல் வெளியேறியவர் என்பதால், அவர் பெயர் நமக்குச் சற்று நெருக்கமாகவே ஒலிக்கிறது. இருவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் இந்த உணர்வு அற்றுப்போனால் என்னவாகும்? வவுணதீவுப் பகுதியில் நான் அறிந்த கூலித் தொழிலாளி ஒருவர், கொதிக்கும் பானையைப் பிடிதுணி இல்லாமலே அடுப்பிலிருந்து இறக்குவார். ‘உழைத்து உரமேறிய கை’ என்று ஊர் மெச்சியது. நோகாத கையை எந்தப் போடியார்தான் வேண்டாமென்பார்! சுண்டுவிரல் மடங்கி நிமிர மறுத்த பிறகுதான், அது தொழுநோய் தீண்டிய கை என்பது தெரிந்தது.

1873இல் நோர்வே நாட்டு ஹான்சன் கண்ட அந்தக் கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. கை, கால், காது ஆகிய இடங்களில் தோலை அடுத்து ஓடும் நரம்புகளை அது கெடுக்கிறது. பெரும்பாலும் முதலில் சூடு குளிர் தெரியாமற் போகும், பின்னர் மென்தொடுகை, அதன்பின் நோவு. விரல்கள் அழுகி விழுகின்றன என்பது பழைய நம்பிக்கை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் அதை மறுத்தார். நோவு தெரியாதவன் சுட்ட கையோடும் கிழிந்த காலோடும் வேலையைத் தொடர்கிறான்; இரவில் எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரலைத் தின்பது கவனிக்கப்படாத காயமே.

நோய் தோலின் உணர்வைப் பறித்தது. மனிதத் தொடுகையைப் பறித்தது சட்டம். 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்க வழிசெய்தது. நம் வாவியிலுள்ள மாந்தீவும் அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களின் இருப்பிடமாயிற்று. சிறைக்கு மதில் வேண்டும். இங்கே அந்த வேலையை நீரே செய்தது.

இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு உட்கொண்டால் நோய் குணமாகும்; மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றலும் அற்றுவிடும். சோதனையும் எளியது. கண்ணை மூடச் சொல்லி, நிறம் மங்கிய தேமலைப் பஞ்சு நுனியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஆயினும் வலையிறவுப் பாலம் கடந்து பட்டணத்து வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாட்கூலி போகும். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் மறுநாட்கூலியும் போகும். நோகாத ஒரு தேமலுக்காக அறுவடைக் காலத்தில் யார் போவார்?